ஜேக்கப்ஸ் வாடகைக் கட்டடத்தின் கூரை: மழைக்கு முன் எதைப் பார்ப்பது, யாரை ஏற்றுவது?

நீலக்கதவு (மெரபேங்க், டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டைப் பகுதியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாடகைக் கட்டடம் இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்து படி ஏற முடியாமல் போனதால் இந்த வருடம் முதல் நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். வாடகை ஒப்பந்தம், நகராட்சி பில், வரிக் கணக்கு எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டன. கூரை மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

கட்டடம் இரண்டு பகுதி. தெருப்பக்கம் இரண்டு மாடி. அதன் மேல் தட்டையான கான்கிரீட் தளம். டார்ச்-ஆன் ஷீட் (நெருப்பால் உருக்கி ஒட்டும் தார் ஷீட்) ஒட்டி வெள்ளிச் சாயம் அடித்திருக்கிறார்கள். பின்பக்கம் சுமார் 400 சதுர மீட்டர் கிடங்கு, மேலே ஐபிஆர் என்கிற, முகடும் பள்ளமுமாக மடித்த தகரம். தகரத்தின் தண்ணீர் முழுக்க இரண்டு பகுதியும் சேரும் இடத்தில் உள்ள நீளமான பாக்ஸ் கட்டருக்கு (பெட்டி வடிவ மழைநீர்க் கால்வாய்) வருகிறது. கிடங்கில் ஒரு பாதி தையல் பட்டறை, மறுபாதி மசாலா மொத்த வியாபாரி. மல்லி, மிளகாய், மஞ்சள் எல்லாம் மூட்டை மூட்டையாகத் தரையிலிருந்து மேலே வரை அடுக்கியிருக்கும். மேலே ஒரு சொட்டு விழுந்தால் கீழே எத்தனை மூட்டை போகும் என்று நினைத்தாலே தூக்கம் வராது.

2023இல் மின்வெட்டு தாங்க முடியாமல் தகரத்தின் மேல் சோலார் பேனல் போட்டோம். அதுவரை ஒழுகாத தகரம், இப்போது பெருமழை வந்தால் இரண்டு இடத்தில் சொட்டுகிறது. சோலார் போட்டவர்கள் தகரம் பழசு என்கிறார்கள். கூரை ஆட்கள், ஓட்டை போட்டது சோலார்காரர்கள், அவர்களையே கேளுங்கள் என்கிறார்கள்.

அப்பா காலத்து முறை, ஒழுகினால் ஆளைக் கூப்பிடுவது. 2022இல் சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் பெய்த அந்த மழையில் பாக்ஸ் கட்டர் நிரம்பிக் கிடங்குக்குள்ளேயே கொட்டியது. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் உயிரிழந்த வாரம் அது. நனைந்த துணிக்கட்டுகளைப் பற்றிப் பேசவே யாருக்கும் மனம் வரவில்லை. கட்டரை வாரிச் சுத்தம் செய்ததோடு சரி, அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

இப்போது இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் படிவத்தில் ‘கூரைக்கு முறையான பராமரிப்பு உண்டா, பதிவு உண்டா’ என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு நிறுவனம் வந்து பார்த்து, முழுத் தகரத்துக்கும் நீர்க்காப்புப் பூச்சு அடித்துவிட்டு வருடாந்தர ஒப்பந்தம் போடலாம் என்று விலை கொடுத்திருக்கிறது. எங்கள் ஆறு மாத வாடகை அப்படியே போய்விடும்.

நான் கேட்க நினைப்பது இவ்வளவுதான். வருடத்தில் எத்தனை தடவை, எந்த மாதத்தில் கூரையைப் பார்க்க வேண்டும்? அந்தப் பூச்சு உண்மையிலேயே தேவையா? இதுவரை எங்கள் காவல்காரர்தான் ஏணி வைத்து ஏறுவார், அது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.


ஹைவெல்ட் (ஜோகன்னஸ்பர்க்)

அக்கா, எங்கள் பக்கம் பிரச்சினை வேறு. கோடையில் பிற்பகல் இடிமழையும் ஆலங்கட்டியும்தான் எங்களுக்கு எதிரி. 2013 நவம்பர் 28 அன்று விழுந்த ஆலங்கட்டியில் எங்கள் பட்டறைக் கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த கண்ணாடி மாதிரி ஷீட்டுகள் எல்லாம் உடைந்துவிட்டன. தகரம் நசுங்கியது, ஆனால் ஒழுகவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆள் ஏற்றிப் பார்க்கிறோம். வெளிச்ச ஷீட்டு மஞ்சளாகி மொறுமொறுவென்று ஆகியிருந்தால் உடனே மாற்றிவிடுவோம்.

பூச்சு விஷயத்தில் என் அனுபவம் நல்லதுதான். முழுக் கூரைக்கும் அக்ரிலிக் அடித்தோம், ஒழுகல் நின்றது, உள்ளே சூடும் கொஞ்சம் குறைந்தது. விலை அதிகம்தான், ஆனால் நிம்மதி. யோசித்துப் பாருங்கள்.


கூரைவேலை (சாட்ஸ்வொர்த், டர்பன்)

தங்கச்சி, அந்தப் பூச்சு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் எழுதுவதைப் படித்துவிடுங்கள். டர்பனிலும் தெற்குக் கடற்கரையிலும் முப்பது வருடத்துக்கு மேலாகக் கூரை வேலை செய்கிறேன். பூச்சு அடிப்பதும் என் தொழில்தான். அதனால் பூச்சே கூடாது என்று சொல்ல மாட்டேன். எதன்மேல் அடிக்கிறோம் என்று தெரியாமல் அடிக்கக் கூடாது என்கிறேன்.

தகரம் நடுவில் ஒழுகுவது அபூர்வம். ஸ்குரூ போட்ட இடம், இரண்டு ஷீட் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம், சுவரோடு சேரும் இடத்தை மூடும் ஃபிளாஷிங் பட்டை, கட்டர், குழாய் வாய், பின்னால் வந்தவர்கள் போட்ட ஓட்டை, இவைதான் ஒழுகும். வாஷர் செத்துப்போன ஸ்குரூவின் மேல் பூச்சு அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும். ஆனால் வெயிலில் தகரம் நீளும், இரவில் சுருங்கும். 12 மீட்டர் நீள இரும்பு ஷீட்டுக்குப் பகலுக்கும் இரவுக்கும் 50 டிகிரி வித்தியாசம் வந்தால் சுமார் 7 மில்லிமீட்டர் நகரும். அந்த அசைவு தினமும் ஸ்குரூவைச் சுற்றித்தான் நடக்கிறது. பூச்சு அங்கேதான் முதலில் வெடிக்கும். உள்ளே துரு ஓடிக்கொண்டிருப்பது அடுத்த முறை பார்ப்பவன் கண்ணுக்கும் தெரியாது. ஜோபர்க் தம்பிக்கு நன்றாக வந்தது என்றால், பூச்சுக்கு முன்னால் யாரோ ஸ்குரூவையெல்லாம் ஒழுங்காக மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எப்போது பார்ப்பது என்று கேட்டீர்கள். நம் ஊரில் மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஆடி மாதம் காய்ந்து கிடக்கும். கோயிலில் அம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் அந்த வாரங்கள்தான் கூரை வேலைக்கு வருடத்திலேயே நல்ல காலம். ஆடியில் ஏறிப் பாருங்கள், ஆவணியில் பழுது பாருங்கள், புரட்டாசி பிறக்கும்போது கூரையில் ஒரு வேலையும் மிச்சம் இருக்கக் கூடாது. டர்பனைப் புரட்டிப்போட்ட 2017ஆம் வருடப் புயல்மழை அக்டோபர் 10ஆம் தேதி வந்தது, புரட்டாசி முடிவதற்குள். மழைக்காலம் ஓய்ந்ததும் வைகாசியில் இன்னொரு தடவை பாருங்கள். அது தவிரப் பெரிய காற்று அடித்தால் பார்க்க வேண்டும். வேறு வேலைக்காக யாராவது கூரை ஏறி இறங்கினாலும் பார்க்க வேண்டும். பலர் கடைசியாகச் சொன்னதைத்தான் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் புதுக் கூரை ஒழுகுவதற்கு முதல் காரணமே அதுதான்.

இப்போது உங்கள் பாக்ஸ் கட்டருக்கு வருகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் காசை அங்கேதான் போடுவேன்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உங்கள் 400 சதுர மீட்டர் தகரத்தில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் பெய்தால் 24,000 லிட்டர் அந்த ஒரு கட்டருக்கு வரும். கட்டரிலிருந்து தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் ஒரு வாய் அடைத்துக்கொண்டால் அவ்வளவும் எங்கே போகும்? வீட்டு ஓரத்துக் கட்டர் நிரம்பினால் வெளியே வழியும். பாக்ஸ் கட்டர் கட்டடத்துக்கு நடுவில் இருக்கிறது, வழிந்தால் உள்ளேதான் விழும். 2022இல் உங்களுக்கு நடந்தது அதுதான். கட்டரின் இரண்டு முனையிலும் வெளிச்சுவர் வழியாக ஓவர்ஃப்ளோ (மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் துளை) வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் அடிவிளிம்பு, தண்ணீர் கிடங்குக்குள் வழியும் மட்டத்தைவிடக் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வாய் அடைத்த அன்றைக்குத் தண்ணீர் தெருவில் கொட்டும். தெருவில் போகிறவர் பார்த்துச் சொல்வார். அது இல்லாத பாக்ஸ் கட்டரை நான் எந்த மழைக்காலத்துக்குள்ளும் விட மாட்டேன்.

கட்டரில் அடைப்பு வெறும் இலையால் மட்டும் வருவதில்லை. மைனா கூடு கட்டும். குரங்கு பழத்தைத் தின்று கொட்டையைப் போட்டுவிட்டுப் போகும். பறவை எச்சத்தில் வரும் ஆல், அத்தி விதை, இரண்டு விரல்கடை மண் சேர்ந்தால் போதும், முளைத்துவிடும். வேர் நேராகத் தகரத்தின் இணைப்புக்குள் போகும். செடியைப் பிடித்து இழுத்தால் இணைப்பும் சேர்ந்து பிரியும். வெட்டிவிட்டு, வேரைச் சாகவிட்டு, அப்புறம் எடுக்க வேண்டும். சுத்தம் செய்த பிறகு குழாயில் தண்ணீர் விட்டு ஒவ்வொரு வாயும் இறங்குகிறதா என்று நின்று பார்க்கச் சொல்லுங்கள். மேலே பளிச்சென்று இருக்கும், கீழே தண்ணீர் இறங்கும் டவுன்பைப் முழங்கையில் டென்னிஸ் பந்து மாட்டியிருக்கும். நான் எடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. மேல் தகரம் அலுமினியம்-துத்தநாகக் கலவை பூசியதாக இருந்து, கட்டர் வெறும் கால்வனைஸாக (துத்தநாகம் மட்டும் பூசியதாக) இருந்தால், கட்டர்தான் முதலில் போகும். அந்தக் கலவை பூசிய தகரத்தின்மேல் ஓடிவரும் தண்ணீர் துத்தநாகத்தை ஏற்றிக்கொள்ளாமல் வெறும் தண்ணீராகவே வந்து விழும். விழுந்து விழுந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் கீழே கட்டரைத் தின்னும். கட்டரில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாகத் துரு தெரிந்தால் காரணம் இதுதான். வாட்டத்தைப் பார்த்து முழுக்க டார்ச்-ஆன் விரிக்கலாம், அல்லது கட்டரையே மாற்றலாம்.

சோலாருக்கு வருவோம். யார் குற்றம் என்ற பேச்சை ஒரு பக்கம் வையுங்கள். எங்கே ஒழுகுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் தகரத்தின் அடியில் அதைத் தாங்கும் பர்லின் சட்டம் வழியே இரண்டு மூன்று மீட்டர் ஓடித்தான் சொட்டும். ஒருவர் மேலே ஹோஸோடு, ஒருவர் உள்ளே டார்ச் லைட்டோடு. தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கி, ஒரு இடத்தில் சில நிமிடம் தண்ணீர் விட்டு, சொட்டாவிட்டால் ஒரு படி மேலே. மேலிருந்து தொடங்கினால் எல்லா ஓட்டையிலும் தண்ணீர் போகும், எது என்று தெரியாது. பொறுமையான வேலை. அவசரக்காரனிடம் கொடுக்காதீர்கள்.

பேனல் தாங்கி நிற்கும் பிராக்கெட் ஒவ்வொன்றுக்கும் அடியில் ரப்பர் உட்கார்ந்திருக்கிறதா, ஸ்குரூ தகரத்தின் முகட்டில் போட்டிருக்கிறதா, தண்ணீர் ஓடும் பள்ளத்தில் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் போட்டிருந்தால் அது என்றைக்கும் தொல்லைதான். துளை போட்டபோது சிதறிய இரும்புத் தூளை அன்றைக்கே பெருக்கியிருக்க வேண்டும். விட்டிருந்தால் பேனலைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் பொரிப்பொரியாகத் துரு தெரியும். ஜேக்கப்ஸ் கடலுக்குப் பக்கம். மற்ற இடங்களில் மழை உப்பைக் கழுவிவிடும், பேனலுக்கு அடியில் கழுவாது. அதனால் தகரம் முதலில் அரிப்பது அங்கேதான். மழை இல்லாத மாதங்களில் பேனலுக்கு அடியில் நல்ல தண்ணீரால் கழுவிவிட ஏற்பாடு செய்யுங்கள். அழுத்தம் வேண்டாம், சாதாரண ஹோஸ் போதும்.

சிலிக்கானை அப்பி அடைக்கிறவர்களை ஏற்றாதீர்கள். வினிகர் வாசம் வரும் சிலிக்கான் துத்தநாகத்தை அரிக்கும். வாஷர் போன ஸ்குரூவைக் கழற்றிவிட்டு ஒரு அளவு தடித்த புது ஸ்குரூ, புது வாஷரோடு போட வேண்டும். வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் அடுத்த வருடமே வெடிக்கும்.

முன்பக்கத் தளத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழை நின்று 48 மணி நேரம் கழிந்தும் எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுங்கள். 20 சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் நின்றால் ஒரு டன் எடை. டார்ச்-ஆன் கைப்பிடிச் சுவரில் ஏறி முடியும் விளிம்பு வாய் பிளந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளிச் சாயம் தேய்ந்து கருப்பு தெரிந்தால் அடிக்கத்தான் வேண்டும். அந்தச் சாயம் அழகுக்கு இல்லை, வெயிலிலிருந்து காப்பதற்கு.

காவல்காரரை இனிமேல் ஏற்றாதீர்கள். தயவுசெய்து. என் தொழிலில் வெளிச்ச ஷீட்டு வழியாக விழுந்தவர்களை நான் அறிவேன். தூசி படிந்துவிட்டால் அது தகரம் மாதிரியே தெரியும், கால் வைத்தால் அப்படியே உள்ளே போகும். 2014ஆம் வருடக் கட்டுமான விதிகளின்படி கூரை வேலைக்கு எழுதிய வீழ்ச்சித் தடுப்புத் திட்டம் வேண்டும், ஏறுகிறவருக்குப் பயிற்சியும் மருத்துவத் தகுதியும் வேண்டும். ஆள் அமர்த்தும்போது அவர்களுடைய காம்பென்சேஷன் ஃபண்ட் (வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் நிதி) நற்சான்றுக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிறவர் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம்.


பாலிசித்தாள் (பைன்டவுன்)

நான் இன்ஷூரன்ஸ் இழப்பீடு மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன். அண்ணன் சொன்னதோடு என் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

புயலால் வந்த சேதத்துக்குப் பாலிசி பணம் கொடுக்கும். தேய்மானம், துரு, பராமரிக்காமல் விட்டது, மெல்ல மெல்லச் சிதைந்தது, இவற்றுக்குக் கொடுக்காது. கிட்டத்தட்ட எல்லாப் பாலிசியிலும் இந்த வரி இருக்கும். ஒரே மழையில் இரண்டும் கலந்து வரும்போதுதான் சண்டை. கட்டரில் செடி வளர்ந்திருக்கும் படம் எங்கள் கையில் கிடைத்தால், அது ஒரு இரவில் வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் பதிவு வையுங்கள். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். தேதியோடு படங்கள் போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் எடுக்க வேண்டும். கட்டரின் ஒவ்வொரு வாய், சுவர் ஓரம், பிராக்கெட் வரிசை, தளத்தின் நான்கு மூலை. யார் ஏறினார், என்ன பார்த்தார், என்ன செய்தார், பில் எங்கே என்று ஒரு நோட்டில் எழுதினாலும் சரிதான்.

முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். பரிசோதனை அறிக்கையில் ‘உடனே சரிசெய்ய வேண்டும்’ என்று எழுதியிருந்து நீங்கள் செய்யாமல் விட்டால், அந்த அறிக்கையே உங்களுக்கு எதிராக நிற்கும். அறிக்கை வாங்கிப் பெட்டிக்குள் வைப்பது, வாங்காமல் இருப்பதைவிட மோசம். உடனே பணம் இல்லை என்றால் எதை எப்போது செய்யப் போகிறீர்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள், அந்தத் தேதியில் செய்யுங்கள்.

சோலார் போட்டதை இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்தீர்களா? மின் இணைப்புக்கான தகுதிச் சான்றிதழும், கூரை அந்த எடையைத் தாங்கும் என்று பொறியாளர் கொடுத்த கடிதமும் கைவசம் இருக்கட்டும். பேனலும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்குப் பத்துப் பதினைந்து கிலோ வரும். பழைய கிடங்குகள் அதை நினைத்துக் கட்டியவை இல்லை.


நீலக்கதவு

அண்ணா, உங்களுக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். டென்னிஸ் பந்து வரி வந்ததும், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பந்து எங்கள் கூரையில் விழுவது வழக்கம்தான் என்றார்.

கயிறு, பெல்ட், காகிதம் எல்லாம் ஒழுங்காக உள்ள ஒரு குழுவை ஏற்றிப் பார்த்தேன். நான் கீழே நின்று ஒவ்வொரு படமாகக் கேட்டு வாங்கினேன். கட்டருக்கு இரண்டே வாய். ஒன்றில் விரல் தடிமனில் அத்திச் செடி. ஓவர்ஃப்ளோ இல்லை, இரண்டு முனையிலும் கெட்டிச் சுவர். பிராக்கெட்டுகளைச் சுற்றி நீங்கள் சொன்ன அதே ஆரஞ்சுப் பொரி. ஹோஸ் வைத்துப் பார்த்ததில் இரண்டு பிராக்கெட்டில் ரப்பரே இல்லை, அவற்றின் வழியாகத்தான் தண்ணீர் வருகிறது. சோலார் நிறுவனத்துக்குப் படங்களை அனுப்பினேன். அந்த இரண்டையும் சரிசெய்து தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

புரியாத இரண்டு விஷயம். தையல் பட்டறை ஏசியின் தண்ணீர்க் குழாய் தகரத்தின்மேல் திறந்து விட்டிருக்கிறது. அது சொட்டும் கோட்டில் மட்டும் தகரம் வெளுத்துக் குழி விழுந்திருக்கிறது. சுத்தமான தண்ணீர்தானே, ஏன் அப்படி? இன்னொன்று, கொல்லைப்பக்கம் கழிப்பறையின் மேல் சாம்பல் நிறத்தில் அலை அலையான தடித்த பழைய ஷீட்டு. பாசி பிடித்திருக்கிறது, கழுவித் தரட்டுமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கையிலிருக்கும் பணத்தில் எல்லாவற்றையும் இந்த ஆவணிக்குள் முடிக்க முடியாது. எதை முதலில் செய்யட்டும்?


கூரைவேலை

நிறுத்தி வைத்தீர்களே, நல்ல வேலை செய்தீர்கள் தங்கச்சி. அந்தச் சாம்பல் ஷீட்டு ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் தொழிற்பேட்டைகளில் பழைய கொட்டகை எல்லாம் அதுதான். அழுத்தத் தண்ணீரால் கழுவினால் நார் பிரிந்து காற்றில் கலக்கும், கீழே தையல் வேலை செய்யும் பெண்கள் மூச்சில் போகும். துளை போடவோ உடைக்கவோ தேய்க்கவோ யாரையும் விடாதீர்கள். 2020இல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் விதிகளின்படி கட்டடத்தில் அது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதிப் பட்டியல் வைத்திருக்க வேண்டும். எடுப்பதானால் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் எடுக்க வேண்டும். முதலில் மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், அதையும் தெரிந்தவரே எடுக்கட்டும். ஷீட்டு உடையாமல் முழுசாக இருந்தால் இந்த வருடமே எடுக்க வேண்டும் என்றில்லை. கதவில் எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள், யாரையும் அதன்மேல் ஏற விடாதீர்கள்.

ஏசி தண்ணீர் விஷயம்: அந்தத் தண்ணீர் உள்ளே செம்புக் குழாய்ச் சுருளின் மேல் ஊறி வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு செம்பு அதில் இருக்கும். செம்பு கலந்த தண்ணீர் துத்தநாகத்தின் மேல் விழுந்தால் அரித்துவிடும். ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கித் தகரத்தைத் தொடாமல் நேராகத் தரைவரை இறக்குங்கள். இருப்பதிலேயே மலிவான வேலை இது, நாளைக்கே செய்யலாம். குழி ஓட்டையாகியிருந்தால் அந்த ஒரு ஷீட்டை மட்டும் மாற்றுங்கள்.

பணத்துக்கு வருவோம். முதலில் செடியை வெட்டி இரண்டு வாயையும் திறப்பது, இரண்டு முனையிலும் ஓவர்ஃப்ளோ வெட்டுவது. சுவர் உடைத்துத் தகரத்தை மடித்து டார்ச்-ஆன் ஒட்ட வேண்டும், அதனால் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். காலைப் பனி காய்வதற்குள் டார்ச்-ஆன் ஒட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்காலத்தில் எட்டு மணிக்கே தொடங்கி ஈரத்தின் மேல் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள், கோடையில் கொப்புளமாகக் கிளம்பும்.

அடுத்தது சோலார்காரர்கள் ஒப்புக்கொண்ட பிராக்கெட்டுகள். அவர்கள் வரும்போது அந்த இரண்டோடு விடாமல் எல்லா வரிசையையும் பார்க்கச் சொல்லுங்கள், இரும்புத் தூளை மென்மையான பிரஷ்ஷால் பெருக்கி அள்ளச் சொல்லுங்கள். கம்பி பிரஷ் போட்டால் இருக்கும் துத்தநாகமும் போய்விடும்.

மசாலாக்காரர் தலைக்கு மேல் இருக்கும் பகுதியில் ஸ்குரூக்களை மாற்றுங்கள். தையல் பக்கத்து ஸ்குரூ அடுத்த ஆடிக்குப் போகட்டும். துணியைத் தார்ப்பாயால் மூடலாம், மிளகாய் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து முழு மூட்டையும் போகும். வெள்ளிச் சாயமும் அடுத்த வருடம் போதும், கருப்பு தெரியும் இடத்துக்கு மட்டும் இப்போது ஒரு கை அடித்துவிடுங்கள். பூச்சு ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புங்கள். ஸ்குரூ முழுக்க மாற்றி முடித்து, தகரத்தில் துரு பரவியிருக்கிறதா என்று பார்த்த பிறகு அதைப் பேசலாம். பைன்டவுன் தம்பி சொன்ன மாதிரி இந்த வரிசையைத் தேதி போட்டு எழுதி இன்ஷூரன்ஸுக்குப் போகும் காகிதத்தோடு வையுங்கள்.

இன்னும் ஒன்று. அந்த ஏசிக் குழாயை அப்படி விட்டவர் யாரைக் கேட்டு ஏறினார்? அடுத்த வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: கூரைக்கு ஏற வேண்டுமானால் உங்களிடம் சாவி வாங்கி, நோட்டில் பெயரும் வேலையும் எழுதிவிட்டுத்தான் ஏற வேண்டும்; இறங்கிய பிறகு படம் காட்ட வேண்டும். ஏசிக்காரர், டிஷ்காரர், கேமராக்காரர் எல்லோருக்கும் அதுவே. ஏணிக்கு இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டுங்கள்.

ஓவர்ஃப்ளோ வெட்டுவதற்கு முன் சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் அளவுநாடா வைத்து ஒரு படம் இங்கே போடுங்கள். அடிவிளிம்பு உயரம் சரிதானா என்று பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் சுவரை உடைக்கட்டும்.